பரிசு விழுந்த சீட்டு யாருக்கு உரியது?

ஒப்பந்தச் சட்டத்தை வகுப்பில் பயிலும்போது நம்மில் பலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. முன்மொழிவு, ஏற்பு, மறுபயன் என்று பேராசிரியர் கரும்பலகையில் எழுதிப் போடும் சொற்களுக்கும், கடைத்தெருவில் நாள்தோறும் நாம் செய்யும் கொடுக்கல் வாங்கலுக்கும் என்ன உறவு என்பதே அந்த ஐயம். கத்தரிக்காய் வாங்கப் போனவர் யாரும் "நான் முன்மொழிகிறேன்" என்று சொல்லி நாம் கேட்டதில்லை. இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கு லாட்டரிச் சீட்டைப் போல உதவும் பொருள் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குலுக்கல் நடக்கும் வரை அது இருநூறு ரூபாய் பெறுமானமுள்ள ஒரு தாள். குலுக்கல் முடிந்த மறுகணம் அதே தாள் ஆறு கோடி பெறும். முதல் நாள் ஒருவரும் கேட்க நினையாத கேள்விகளை மறுநாள் எல்லோரும் கேட்கின்றனர். காசு கொடுத்தது யார்? எண்ணைச் சொன்னது யார்? சீட்டு யார் கையில் இருக்கிறது? "விழுந்தால் ஆளுக்குப் பாதி" என்று சொன்னபோது பக்கத்தில் இருந்தது யார்?

நம் மாநிலத்தில் இன்று லாட்டரி இல்லை. 1968-இல், அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த காலத்தில், அரசே பரிசுச்சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்னும் வாசகத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. 2003 சனவரியில் எல்லா லாட்டரிகளும் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டன. கேரளத்திலோ 1967-இல் லாட்டரிக்கென ஒரு துறையே ஏற்பட்டு, 1968 சனவரி 26-இல் முதல் குலுக்கல் நடந்தது. அன்று சீட்டின் விலை ஒரு ரூபாய். முதற் பரிசு 50,000 ரூபாய். அங்கு அது இன்றும் நடைபெற்று வருகிறது. ஆகவே நம் ஆய்வுக்கு வேண்டிய எடுத்துக்காட்டுகளைத் தேடிப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்ட வேண்டியிருக்கிறது. சிலவற்றுக்குக் கடலையும் கடக்க வேண்டியிருக்கிறது. லாட்டரி நன்றா, தீதா என்னும் வாதத்துள் நான் புகப் போவதில்லை. அதற்குப் பட்டிமன்ற மேடைகள் உண்டு.

ஆலுவாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

2021 மார்ச் 21, ஞாயிற்றுக்கிழமை. கேரளத்தின் கோடைக்காலப் பெருங்குலுக்கல் அன்று நடக்க இருந்தது. ஆலுவாய்ப் பகுதியில் சீட்டு விற்கும் ஒரு பெண்மணியிடம் பன்னிரண்டு சீட்டுகள் விற்காமல் தங்கிவிட்டன. சீட்டுகளை முன்பணம் கொடுத்து எடுத்து வந்து விற்பவருக்கு, விற்காத சீட்டு என்பது தம் கைப்பணத்தில் விழும் ஓட்டை. எனவே வழக்கமாக வாங்குவோரைத் தொலைபேசியில் அழைத்து ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தார். அவர்களுள் ஒருவர், தோட்டவேலை செய்பவர், தமக்கு ஒரு சீட்டை எடுத்து வைக்குமாறு கூறினார். எண்ணையும் அவரே தேர்ந்து சொன்னார். விலையான 200 ரூபாயைப் பிறகு தருவதாகப் பேச்சு. மாலையில் முடிவு வந்தபோது, அந்த எண்ணுக்கே முதற் பரிசான ஆறு கோடி விழுந்திருந்தது. சீட்டோ விற்றவர் கையில். வாங்கியவர் அதைக் கண்ணாலும் கண்டதில்லை. அந்த அம்மையார் சீட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டிலேயே கொடுத்து, தமக்கு வரவேண்டிய இருநூறு ரூபாயைப் பெற்றுக்கொண்டார்.

செய்தித்தாள்கள் இதனை நேர்மைக்குச் சான்றாக எழுதின. அது நேர்மையே; ஐயமில்லை. ஆனால் சட்டம் பயிலும் நாம் வேறொரு கேள்வியும் கேட்க வேண்டும். அவர் கொடுத்தது தம்முடைய பொருளையா, பிறருடைய பொருளையா? தம்முடையதைக் கொடுத்திருந்தால் அது கொடை. பிறருடையதைக் கொடுத்திருந்தால் அது கடமை.

இங்கு உடைமை என்பதற்கும் உரிமை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு பொருள் என் கையில் இருப்பது உடைமை. அது என்னுடையது என்று சட்டம் ஒப்புவது உரிமை. சலவைக்காரரிடம் இருக்கும் என் சட்டைக்கு உடைமை அவருடையது, உரிமை என்னுடையது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 20-ஆம் பிரிவில் கூறுவதன் சாரம் இது: இன்னதென்று குறிக்கப்பட்ட, கொடுக்கத் தயாராக உள்ள பொருளைப் பற்றி நிபந்தனையற்ற ஒப்பந்தம் ஏற்பட்ட அக்கணமே உரிமை வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. விலை கொடுப்பதோ, பொருளைக் கையளிப்பதோ தள்ளிப் போடப்பட்டிருந்தாலும் அதனால் வேறுபாடில்லை. ஆலுவாயில் எண் குறிக்கப்பட்டது, விலை தெரிந்தது, இருவரும் இசைந்தனர். அதற்குப்பின் அந்த அம்மையார் சீட்டின் சொந்தக்காரர் அல்லர். பிறர் பொருளைக் காத்து வைத்திருந்தவர்.

இதில் ஐயமுள்ளவர்கள் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கலாம். அந்தச் சீட்டுக்கு ஒன்றும் விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அந்த அம்மையார் இருநூறு ரூபாய் கேட்டிருந்தால், "விழாத சீட்டுக்கு நான் ஏன் பணம் தர வேண்டும்?" என்று அவர் மறுக்க முடியுமா? முடியாது. விழாத சீட்டு யாருக்கு நட்டமோ, விழுந்த சீட்டு அவருக்கே பேறு. அதுபோலவே, மீதமிருந்த பதினொரு சீட்டுகளில் ஒன்றுக்குப் பரிசு விழுந்திருந்தால் தோட்டக்காரர் அதில் ஒரு காசும் கேட்டிருக்க முடியாது. அவை குறித்துப் பேச்சே நடக்கவில்லை.

சான்று என்று பார்த்தால் நிலைமை வேறு. அந்த அம்மையார் மறுத்திருந்தால் தோட்டக்காரர் கையில் இருந்தது ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே. அழைப்பு நடந்ததைப் பட்டியல் காட்டும். என்ன பேசப்பட்டது என்பதை அது காட்டாது. உரிமை அவரிடம் முழுமையாக இருந்தது. அதை மெய்ப்பிக்கும் வழி அநேகமாக முழுவதும் விற்றவர் கையில் இருந்தது. இந்தப் பிளவே லாட்டரிப் பூசல்கள் எல்லாவற்றுக்கும் ஊற்று என்பது என் கருத்து.

சீட்டு என்பது யாது?

மேலே சரக்கு விற்பனைச் சட்டத்தை நான் எடுத்துக்காட்டியபோது கூர்மையான வாசகர் ஒருவர் குறுக்கிட்டிருக்கக்கூடும். லாட்டரிச் சீட்டு சரக்கா என்ன?

இக்கேள்வி உச்ச நீதிமன்றத்தையே இருமுறை ஆழ்ந்து சிந்திக்க வைத்தது. 1985-இல் அன்ராஜ் வழக்கில், தமிழ்நாடு அரசு லாட்டரிச் சீட்டின் மீது விற்பனை வரி விதிக்கலாமா என்பதே வினா. சீட்டில் இரண்டு உரிமைகள் அடங்கியுள்ளன என்று நீதிமன்றம் பகுத்தது. ஒன்று, குலுக்கலில் பங்குபெறும் உரிமை. மற்றது, வாய்த்தால் பரிசைப் பெறும் உரிமை. முன்னது சீட்டு வாங்கியவுடன் கையில் வந்துவிடுவதால் அது சரக்கு. ஆகவே வரி விதிக்கலாம் என்பது தீர்ப்பு. இருபது ஆண்டுகளுக்குப்பின், 2006-இல், சன்ரைஸ் அசோசியேட்ஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியலமைப்பு ஆயம் இதனை மாற்றியது. பரிசை விரும்பாமல் குலுக்கலில் பங்குபெற மட்டும் காசு கொடுப்பவர் உலகில் யார்? இரண்டு உரிமைகளையும் பிரிக்க இயலாது. சீட்டு என்பது பரிசு கிடைக்கக்கூடும் என்னும் ஒரு வாய்ப்பின் மீதான கோரிக்கை. அது வழக்கிட்டுப் பெறத்தக்க கோரிக்கையே அன்றிச் சரக்கு அன்று என்று அந்த ஆயம் கூறியது.

வரியைப் பற்றி எழுந்த இத்தீர்ப்பு நம் பொருளுக்கும் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 130-ஆம் பிரிவின்படி, இத்தகைய கோரிக்கையைப் பிறருக்கு மாற்ற எழுத்தும் கையொப்பமும் வேண்டும். சீட்டுகளோ பேருந்து நிலையத்தில் கைக்குக் கை மாறுகின்றன. எழுத்து எங்கே, கையொப்பம் எங்கே? அரசு முதன்முதலில் சீட்டை வெளியிடுவது மாற்றம் அன்று, புதிய ஒப்பந்தம் எனலாம். ஆனால் நான் வாங்கிய சீட்டை நண்பருக்கு விற்றால்? தேர்வில் பதினைந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கத்தக்க கேள்வி இது. கேட்டுவிடுவார்களோ என்னும் அச்சமும் எனக்குண்டு. நடைமுறையில் இதற்கு விடையளிப்பது சீட்டின் பின்புறம். அங்கே பெயர், முகவரி, கையொப்பம் ஆகியவற்றுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். கையொப்பமிடாத சீட்டைக் கொண்டுவருபவரே உரியவர் போலத் தோன்றுவார். கையொப்பமிட்டபின் அத்தோற்றம் ஒருவரோடு கட்டுண்டு விடுகிறது.

கூட்டுச் சீட்டு

நிற்க. தனியொருவர் வாங்கிய சீட்டிலேயே இவ்வளவு சிக்கல் என்றால், பலர் கூடி வாங்கிய சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

மலப்புரம் மாவட்டம் பரப்பனங்காடி நகராட்சியில் வீடுவீடாகச் சென்று பிளாஸ்டிக் கழிவுகளைத் திரட்டும் பசுமைச் சேனைப் பெண்கள் பதினொருவர், 2023-இல் மழைக்காலப் பெருங்குலுக்கலுக்கு ஒரு சீட்டு வாங்கினர். விலை 250 ரூபாய். தனியாக வாங்க ஒருவரிடமும் வசதியில்லை. ஒன்பது பேர் ஆளுக்கு 25 ரூபாய் போட்டனர். மீதமுள்ள இருவரிடம் 25 ரூபாய் முழுதாக இல்லாததால் இருவரும் பன்னிரண்டரை ரூபாயாகச் சேர்ந்து ஒரு பங்கை வாங்கினர். அச்சீட்டுக்குப் பத்துக் கோடி ரூபாய் விழுந்தது.

இதில் என் மனத்தை நிறுத்துவது அந்தப் பன்னிரண்டரை ரூபாய்தான். நட்புக்காக "பதினொரு பேர், பதினொரு பங்கு" என்று அவர்கள் பேசியிருந்தால் கணக்கு வேறு. போட்ட பணத்துக்கேற்ற பங்கு என்பதால் பத்துப் பங்கு. அதில் ஒன்றை இருவர் பகிர வேண்டும். பதினொன்றில் ஒரு பங்குக்கும் இருபதில் ஒரு பங்குக்கும் இடையே, வரி பிடிக்கும் முன், நாற்பது இலட்சம் ரூபாய்க்கு மேல் வேறுபாடு. பன்னிரண்டரை ரூபாயை எண்ணிக் கொடுத்தபோது யாரும் இதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆயினும் கணக்கு முன்கூட்டியே தெளிவாக இருந்ததால் பூசலுக்கு இடமில்லை. வசதியுள்ளவர்கள் பேசாமல் விட்டுவிடுவதை வசதியற்றவர்கள் காசு காசாக எண்ணிப் பேசி வைத்திருந்தனர்.

இங்கிலாந்தில் 1955-இல் தீர்ப்பான ஒரு வழக்கை ஒப்பந்தச் சட்ட நூல்கள் எல்லாம் எடுத்தோதும். வீட்டுக்கார மூதாட்டி, அவருடைய பேத்தி, அவ்வீட்டில் குடியிருந்த ஒரு பெண் ஆகிய மூவரும் வாரந்தோறும் ஞாயிறு இதழ் ஒன்றின் போட்டிக்குச் சேர்ந்து விடை எழுதி அனுப்பினர். அனுப்பியது மூதாட்டியின் பெயரில். அஞ்சல் செலவை ஒரு வாரம் ஒருவர், மறுவாரம் மற்றவர் என்று எந்த ஒழுங்குமின்றிச் செய்தனர். 750 பவுன் பரிசு வந்ததும், "வீட்டுக்குள் விளையாட்டாகப் பேசியது ஒப்பந்தமாகுமா?" என்று மூதாட்டி மறுத்தார். நீதிபதி செல்லர்ஸ் அவர்கள், இது மூவரும் சேர்ந்து மேற்கொண்ட கூட்டு முயற்சி என்று கண்டு, குடியிருந்த பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கான 250 பவுனை அளித்தார். குடும்பப் பேச்சு என்பதாலேயே சட்டம் அதைப் புறந்தள்ளாது என்பதற்கு இது முன்னோடி.

அமெரிக்காவின் வாசிங்டன் நகரில் 1990-இல் தீர்ப்பான வழக்கு இதைவிடச் சுவையானது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நண்பர்களான இருவர், வாரம் இருமுறை கூடி மதுவும் ஆரஞ்சுச் சாறும் இரண்டு லாட்டரிச் சீட்டுகளும் கூட்டாக வாங்குவது வழக்கம். 1982-இல் ஒரு மாலை, ஒரு சீட்டுக்கு 20,000 டாலர் விழுந்தது. சுரண்டியவர் தனக்கே என்றார். ஆண்டுக்கணக்கில் இருவரும் நடந்துகொண்ட முறையே அவர்களுடைய ஒப்பந்தத்தைக் காட்டுகிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறி, பாதியை மற்றவருக்கு வழங்கியது. எழுத்தில் இல்லாததை வழக்கம் எழுதி வைத்திருந்தது.

நியூ செர்சியில் கட்டட வேலை செய்த ஆறு பேர் கூட்டாகச் சீட்டு வாங்குவர். பணத்தைத் திரட்டிச் சீட்டு வாங்கி வருபவர் அவர்களுள் ஒருவர். 2009-இல் 38.5 மில்லியன் டாலர் பரிசு விழுந்தபோது, அந்தச் சீட்டைத் தாம் தனியே வாங்கியதாகக் கொண்டு அவர் ஒருவரே பரிசைப் பெற்றார். காலில் அறுவைச் சிகிச்சை என்று சொல்லி வேலையையும் விட்டார். உண்மை வெளிவந்து, 2012-இல் நடுவர் குழு ஐவருக்கும் பங்கு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிறர் பணத்தைக் கையாள்பவர் அதே நேரத்தில் தனக்கென்றும் வாங்கினால், இன்ன சீட்டு என்னுடையது என்று குலுக்கலுக்கு முன்பே பிரித்துக் காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது என்பதே இதிலிருந்து நான் கொள்வது.

இத்தனை வழக்குகளிலும் பங்கு கேட்டவர் வென்றார். தோற்ற வழக்கு ஒன்றுண்டு. அதைத்தான் நாம் நின்று நோக்க வேண்டும்.

அலபாமா மாநிலத்தில் சாலையோர உணவுவிடுதி ஒன்றில் பணிபுரிந்த பெண்களுக்கு, அங்கு அடிக்கடி உண்ண வரும் ஒருவர், அண்டை மாநிலமான புளோரிடாவில் வாங்கிய லாட்டரிச் சீட்டுகளை ஆளுக்கொன்றாக அன்பளிப்பாகக் கொடுப்பார். 1999 மார்ச்சில் ஒரு பெண்ணின் சீட்டுக்குப் பத்து மில்லியன் டாலர் விழுந்தது. "யாருக்கு விழுந்தாலும் எல்லோரும் பகிர்ந்துகொள்வது என்று பேசியிருந்தோம்" என்று உடன் பணிபுரிந்த நால்வர் வழக்கிட்டனர். அவ்வாறு பேசியது உண்மை என்று நடுவர் குழு நம்பியது. ஆயினும் 2000-இல் அலபாமா உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. அலபாமாவில் அரசு லாட்டரி கிடையாது. சூதாட்டத்தை மறுபயனாகக் கொண்ட ஒப்பந்தம் எதுவும் அம்மாநிலச் சட்டப்படி செல்லாது. ஆகவே பேச்சு நடந்திருந்தாலும் அது நீதிமன்றத்தில் எடுபடாது என்பது காரணம். லாட்டரி நடந்தது புளோரிடாவில். பேச்சு நடந்தது அலபாமாவில். பேசிய இடத்தின் சட்டமே வென்றது.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. வென்ற பெண் பரிசைத் தம் குடும்பத்தாரோடு பகிர்ந்துகொண்டார். அது கொடை, கொடைவரி கட்டுக என்றது அரசு. "கொடை அன்று, குடும்பத்துக்குள் முன்பே ஒப்பந்தம் இருந்தது" என்று அவர் வாதிட்டார். 2012-இல் வரி நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தோழியருக்கு எதிராக அவரைக் காத்த சட்டமே இங்கே அவருக்கு எதிராக நின்றது: அலபாமாவில் அத்தகைய ஒப்பந்தம் செல்லாதாயிற்றே!

அலபாமாவின் நிலையே இந்தியாவிலும் எடுபடுமா? நம் ஒப்பந்தச் சட்டம் 30-ஆம் பிரிவும் பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. மாநில அரசு நடத்தினாலும் லாட்டரி சூதாட்டமே என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் கூறியும் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் பரப்பனங்காடிப் பெண்களில் ஒருவர் பங்கு தர மறுத்திருந்தால் மற்றவர்கள் கைவிரித்து நிற்க வேண்டியதுதான் என்று தோன்றும். ஆனால் 1959-இல் கெருலால் பாரக் வழக்கில் நீதிபதி சுப்பாராவ் அவர்கள் எழுதிய தீர்ப்பு வேறு வழி காட்டுகிறது. கோதுமை விலை ஏற்ற இறக்கத்தில் பந்தயம் கட்டுவதற்கென்றே இரு தரப்பார் கூட்டுச் சேர்ந்தனர். நட்டம் வந்தது. ஒரு தரப்பார் முழுவதையும் செலுத்திவிட்டுப் பாதியைக் கேட்க, "பந்தயமே செல்லாதபோது பங்கு எப்படிச் செல்லும்?" என்றனர் மறுதரப்பார். பந்தயம் செல்லாது என்பது வேறு, சட்டவிரோதம் என்பது வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. செல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது. ஆனால் அதனைச் சார்ந்து எழுந்த மற்றோர் ஒப்பந்தத்தை அது கறைப்படுத்தாது. பழைய பம்பாய் மாகாணத்தைப் போலத் தனிச் சட்டம் தடுத்தாலொழிய, கூட்டு ஒப்பந்தம் செல்லும். நட்டத்தைப் பகிரும் பேச்சு செல்லுமானால் பரிசைப் பகிரும் பேச்சும் செல்ல வேண்டும் அல்லவா?

தமிழ்நாட்டினருக்கு மட்டும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. 2023-இல் ஓணப் பெருங்குலுக்கலின் 25 கோடி ரூபாய் தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு நண்பர்களுக்கு விழுந்தபோது, அச்சீட்டு எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்டு இங்கே கள்ளத்தனமாக விற்கப்பட்டது என்று வெளியாள் ஒருவர் கேரள அரசிடம் முறையிட்டார். வாளையாற்றில் வாங்கியது என்பது வாங்கியவர்கள் கூற்று. வாங்கிய இடம் ஏன் பெரிதாயிற்று என்பது இப்போது நமக்கு விளங்கும். கேரளத்தில் விற்ற சீட்டு செல்லாத பந்தயத்தோடு நிற்கும். தமிழ்நாட்டில் விற்ற சீட்டு சட்டவிரோதம் என்னும் அடுத்த எல்லைக்குள் போய்விடும். கெருலால் வழக்கின் நிழல் அவ்வளவு தூரம் எட்டாது.

கண்டெடுத்ததும் களவு போனதும்

தரையில் கிடந்த சீட்டை எடுப்பவர் நிலை எளிது. கண்டெடுத்தவர் காப்பாளரே என்று ஒப்பந்தச் சட்டம் 71-ஆம் பிரிவு கூறுகிறது. உரியவரைத் தேட நியாயமான முயற்சி செய்யாமல் அதைத் தனதாக்கிக்கொள்வது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்கிதாவின் 314-ஆம் பிரிவாக உள்ளது. இங்கிலாந்தில் சுவிண்டன் நகரக் கடையொன்றில் ஒரு மூதாட்டி தவறவிட்ட சீட்டைக் கண்டெடுத்து 30,000 பவுன் பெற்ற தம்பதியர் 2009-இல் மோசடிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றனர்.

எடுத்தவர் யாரும் இல்லாமலே சீட்டு தொலைந்து போவதும் உண்டு. 2001-இல் மற்றோர் ஆங்கிலத் தம்பதியர் மூன்று மில்லியன் பவுன் வென்ற சீட்டைத் தொலைத்தனர். சீட்டு வாங்கியதற்கான கணினிப் பதிவு இருந்தும், தொலைந்ததை முப்பது நாளுக்குள் அறிவிக்கவில்லை என்னும் விதியால் பரிசு மறுக்கப்பட்டது. நம் நாட்டிலும் கேரளச் சீட்டுக்கு முப்பது நாளே கெடு. கேட்கப்படாத பரிசு அரசுக்கே சேரும் என்று 1998-ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் 4-ஆம் பிரிவு விதிக்கிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்ததோ வேறு வகை. அங்கு சீட்டைக் கடைக்காரரிடம் கொடுத்து, விழுந்ததா என்று பார்க்கச் சொல்வது வழக்கம். 2001-இல் சிற்றூர் முதியவர் ஒருவர் அவ்வாறு கொடுத்தார். பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லியனுப்பினர். பின்னர் அதே கடைக்காரர் இரண்டரை இலட்சம் டாலர் வென்றதாகச் செய்தி வந்தது. முதியவர் ஆண்டுக்கணக்கில் ஒரே எண்களையே குறித்து வந்தவர். அது தம் சீட்டென்று அறிந்தார். மெய்ப்பிக்க அவருக்கு ஆண்டுகள் பிடித்தன. 2006-இல் கனடிய ஒலிபரப்புக் கழகத்துக்காக டொராண்டோப் பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் செஃப்ரி ரோசந்தால் ஒரு கணக்கிட்டார். ஏழாண்டுகளில் கடைக்காரர்கள் சுமார் 200 பெரும் பரிசுகளை வென்றிருந்தனர்; தற்செயலாக நடந்திருந்தால் 57 அளவே இருக்க வேண்டும். எங்கோ ஓரிருவர் செய்த களவு எண்ணிக்கையில் மறைந்துவிடும், இது மறையவில்லை. புள்ளியியலை வறண்ட பாடம் என்போர் இவ்வெண்களைச் சற்றே நினைக்கலாம். 2007-இல் மாகாணக் குறைகேள் அலுவலர் அந்தரே மாரென் கடுமையான அறிக்கை வெளியிட்டார். வாடிக்கையாளர் கையொப்பமிடாத சீட்டைக் கடைக்காரர் சோதிக்கலாகாது என்னும் விதி வந்தது. 2003-இல் பறிக்கப்பட்ட பன்னிரண்டரை மில்லியன் டாலர் பரிசு ஒன்று, 2011-இல் வட்டியோடு சேர்த்து, உண்மையான உரியவர்களான கட்டடத் தொழிலாளர் எழுவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தாங்கள் வென்றதே அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

களவு போனது தெரியாமலே ஒருவர் இழப்பதும் உண்டு. கையில் இல்லாததை வென்றதாக நம்புவதும் உண்டு. 2021 ஓணப் பெருங்குலுக்கலில் பன்னிரண்டு கோடி விழுந்ததும், துபாயில் வேலை செய்த கேரளத்தார் ஒருவர், ஊரிலுள்ள நண்பர் தமக்காக வாங்கிப் படம் அனுப்பிய சீட்டே அது என்று அறிவித்தார். அதற்குள் கொச்சியை அடுத்த மரட்டைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் உண்மையான சீட்டை வங்கியில் ஒப்படைத்துவிட்டிருந்தார். சீட்டின் படம் சீட்டாகாது.

கணவன் மனைவி பற்றியும் ஒரு சொல். கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி 1996 இறுதியில் 1.3 மில்லியன் டாலர் வென்றதை மறைத்து, சில நாட்களிலேயே மணவிலக்குக் கோரினார். அங்கே மணவாழ்வில் வந்த வருவாய் இருவருக்கும் பொது. 1999-இல் உண்மை தெரிந்தபோது, மறைத்த குற்றத்துக்காகப் பரிசு முழுவதையும் நீதிமன்றம் கணவருக்கே அளித்தது. சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். இந்தியாவில் அத்தகைய பொதுச் சொத்துமுறை இல்லாததால் மனைவி வாங்கிய சீட்டு மனைவியுடையதே. இதனை எங்கள் வகுப்பில் ஒரு பகுதியினர் கைதட்டி வரவேற்றனர்.

மீண்டும் சீட்டின் பின்புறத்துக்கு வருவோம். வாங்கியவுடன் கையொப்பமிடுக என்பது கண்டெடுப்பவரிடமிருந்தும் கடைக்காரரிடமிருந்தும் காப்பதற்கு ஏற்ற அறிவுரை. ஆனால் கூட்டுச் சீட்டில் அதுவே ஆபத்தாகிறது. ஒருவர் பெயர் மட்டும் எழுதினால் வெளியாரிடமிருந்து சீட்டு தப்பும். மற்றப் பங்காளிகள் சான்றின்றி நிற்பர். எழுதாமல் விட்டால் பங்காளிகள் சமம். ஆனால் எடுத்தவர் கையில் அகப்பட்டால் அனைவரும் இழப்பர். பரப்பனங்காடிச் சீட்டின் பின்புறத்தில் பதினொரு பெயர்களையும் எழுத இடம் போதாது. அத்தகையோர் ஒரு தனித்தாளில் சீட்டின் எண்ணையும், ஒவ்வொருவர் பெயருக்கு எதிரே அவர் போட்ட தொகையையும் எழுதி, குலுக்கலுக்கு முன்பே எல்லோரும் கையொப்பமிட்டு, அத்தாளைச் சீட்டு வைத்திருப்பவர் அல்லாத மற்றொருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். பன்னிரண்டரை ரூபாயையும் பன்னிரண்டரை என்றே எழுத வேண்டும்.